இடது பக்கத்து ஸ்பீக்கர்

ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அந்தக் காரின் அமைதி அடைக்கலநாதனுக்குக் கடைசிவரை பழகவில்லை. வாழ்நாளில் பாதிக்கு மேல் குருநகர்க் கரையிலிருந்து படகு ஓட்டியவர் அவர். இடது கையில் மோட்டரின் பிடி, காதோடு அதன் இரைச்சல், முன்னால் கடல். பயணம் என்றால் அவருக்கு அதுதான். முழங்கால் தேய்ந்து கடலை விட்டபிறகு நண்டு வாங்கி விற்கும் வியாபாரத்தில் இறங்கினார். அதில் கை நிமிர்ந்தது. கொழும்பில் ஒருவர் பாவித்துவிட்டு விற்ற பிளக் போடுகிற ஹைபிரிட் காரை வாங்கினார். இரவில் வீட்டுச் சுவரிலிருந்து வயரைச் செருகிவிட்டால் விடிய பற்றரி நிறைந்திருக்கும். பாசையூர், நாவாந்துறை, மண்டைதீவு என்று கரை கரையாகச் சுற்றிவர அந்தச் சார்ஜே போதும். பெற்றோல் எஞ்சின் கண் விழிப்பதே அருமை.

மனைவி அற்புதராணி வீட்டில் இருந்தவரை அந்த அமைதி அவ்வளவாக உறைக்கவில்லை. மகள் ஜெனிற்றாவின் பிள்ளைப்பேறு பார்க்க அவள் நீர்கொழும்புக்குப் போனாள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் வந்துவிடுவாள் என்றிருந்தார். பிறகு ஜெனிற்றா வேலைக்குத் திரும்பினாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்றார்கள். பிறகு பிள்ளை நடக்கத் தொடங்கியது. இப்போது அது பாலர் பள்ளிக்கே போகிறது. அற்புதராணி நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், பெரிய வெள்ளிக்கு வருவாள். வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து, அவருடைய சாறங்களைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவாள். திரும்ப எப்போது என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. கோயிலடியில் யாராவது விசாரித்தால், "பேத்தியைப் பாக்க ஆளில்லை" என்பார். அது பொய்யுமில்லை.

தனியே கார் ஓட்டும்போதுதான் வில்லங்கம். ரயர் உருளும் சத்தம், தன் மூச்சு, முன்கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒரு பூச்சி. வேறொன்றுமில்லை. ரேடியோவைப் போடுவார். பாட்டு மெலிந்து வரும். கூட்டினால் இரையும். ஒருநாள் பண்ணைப் பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டுத் திரையில் விரலை வைத்து அதையும் இதையும் அழுத்திப் பார்த்தார். சத்தத்தை வலப்பக்கம் முழுதும் தள்ளியபோது பாட்டு கணீரென்று கேட்டது. இடப்பக்கம் தள்ளியபோது அயல்வீட்டில் யாரோ போடுகிற ரேடியோ மாதிரி அடங்கிப்போனது. இடது கதவு ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அவருக்கு விளங்கியது. பழைய கார்தானே.

கோண்டாவிலில் சிவதர்ஷன் என்று ஒருவன் கார்களுக்குப் பாட்டுச் செற் பூட்டும் கடை வைத்திருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். வேலை செய்துகொண்டே கதைப்பான், கதைத்துக்கொண்டே வேலை செய்வான். அடைக்கலநாதனுக்கு அது பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்பீக்கரை மாற்றத்தான் போனார். போன இடத்தில் ஆசை பெருகிவிட்டது.

"அண்ணை, உது கரண்டிலை ஓடுற கார். எஞ்சின் சத்தமில்லை. நல்ல செற் போட்டா வீட்டுக்குள்ளை இருந்து கேக்கிற மாதிரி இருக்கும்," என்றான் சிவதர்ஷன். "நாலு கதவுக்கும் ஸ்பீக்கர் மாத்துவம். சீற்றுக்குக் கீழை சின்னதா ஒரு அம்பிளிஃபயர். கதவுத் தகடு அதிராமல் உள்ளுக்கு ஷீற் ஒட்டுவம்."

"பற்றரி குடிக்காதோ?"

"பெரிய பற்றரிப் பக்கமே நான் போகமாட்டன். அதின்ரை செம்மஞ்சள் வயரைத் தொட்டா எனக்கு ஆஸ்பத்திரி, உங்களுக்குப் பொலிஸ். பின்னுக்குச் சின்னப் பற்றரி ஒண்டு கிடக்கு, அதிலை இருந்துதான் எடுக்கிறது." கடதாசியில் குறித்துக்கொண்டே கேட்டான்: "பின் சீற்றிலை ஆர் வாறது? பின்னுக்கும் நல்லதாப் போடவோ?"

"ஒருத்தரும் வாறேல்லை," என்றார் அடைக்கலநாதன். சிறிது யோசித்தார். "எண்டாலும் போடு."

வேலை முடிந்து காரை எடுத்த அன்று பின்னேரம், ஊர்காவற்துறை வரைக்கும் தேவையில்லாமல் ஓட்டிப் போனார். வலது கதவுக்குள்ளிருந்து தபேலாவின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து விழுந்தது. பாடுகிறவன் மூச்சு இழுப்பது கேட்டது. ஆனால் இடப்பக்கம் பழையபடியேதான் கிடந்தது. பாட்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து, பாரம் ஒதுங்கிய படகு மாதிரி வந்தது.

அடுத்த நாளே போய் நின்றார். சிவதர்ஷன் கதவைக் கழற்றி வயரைப் பார்த்தான், திரும்பப் பூட்டினான். சரியென்றான். சரியாகவில்லை. மூன்றாம் முறை போனபோது இடது ஸ்பீக்கரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டினான். அப்போதும் வலதுதான் பாடியது, இடது முனகியது. அடைக்கலநாதனுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்னைப் பேயன் எண்டு நினைச்சியோ? பழுதான சாமானைப் பூட்டிப்போட்டு மாத்தி மாத்தி விளையாட்டுக் காட்டுறாய்!"

சிவதர்ஷன் ஓட்டுநர் சீற்றில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். பிறகு சின்ன மைக் ஒன்றை எடுத்துத் தலை சாய்க்கும் இடத்தில் கட்டி, அதன் வயரை மடிக்கணினியில் செருகினான். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின.

"எனக்குச் சரியாத்தான் கேக்குது அண்ணை. மெஷினும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு எண்டுதான் சொல்லுது."

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"இல்லை அண்ணை." அவன் பிடரியைச் சொறிந்தான். "கோவிக்கப்படாது. ஒருக்காப் பின்னுக்குத் திரும்பி இருங்கோ."

"என்னது?"

"சீற்றிலை முழங்காலைப் போட்டுப் பின் கண்ணாடியைப் பாத்தபடி இருங்கோ. ஒரு நிமிசம்தான்."

தேய்ந்த முழங்காலோடு அடைக்கலநாதன் ஏறி, சீற்றின் முதுகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி இருந்தார். பெரிய உடம்பு. தலை கூரையில் முட்டியது. வீதியால் சைக்கிளில் போன ஒருவன் கால் ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனான். சிவதர்ஷன் பாட்டைப் போட்டான். ஒரு பெண்குரல், துலக்கமாக, காதுக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் வந்தது.

"ஆ! இப்ப இடது வேலை செய்யுது," என்றார் அடைக்கலநாதன். "இப்ப வலதுதான் இல்லை. என்ன செய்தனீ?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அண்ணை," என்றான் சிவதர்ஷன்.

அந்தச் சொல் உள்ளே போய்ச் சேரச் சிறிது நேரம் எடுத்தது. அடைக்கலநாதன் வலது காதுக்குள் விரலை வைத்து அடைத்தார். பாட்டு போய்விட்டது. வீதியும் போய்விட்டது. சிவதர்ஷனின் வாய் அசைந்தது, கை அசைந்தது, சத்தம் வரவில்லை. விரலை எடுத்தார். எல்லாம் திரும்பி வந்தது. மறுபடி அடைத்துப் பார்த்தார்.

மெல்ல இறங்கி, சாறத்தைச் சரிசெய்துகொண்டு, கடை வாசலில் கிடந்த கதிரையில் இருந்தார். சிவதர்ஷன் சோடா ஒன்றை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். வலப்பக்கமாக வந்து குனிந்து கொடுத்ததை அவர் கவனித்தார்.

"செற் நல்ல செற்தான் தம்பி. நான் சும்மா உன்னோடை கொளுவிப்போட்டன்."

"அதை விடுங்கோ. முதல்லை டொக்டரிட்டைக் காட்டுங்கோ." பிறகு ஏதாவது செய்து கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். "வேணுமெண்டா எல்லாச் சத்தத்தையும் வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்து தாறன். அப்ப முழுப் பாட்டும் உங்களுக்குக் கேக்கும்."

"அப்ப இடப்பக்கத்திலை இருக்கிற ஆளுக்கு?"

"ஒருத்தரும் வாறேல்லை எண்டு சொன்னியள்."

அடைக்கலநாதன் சோடாவைக் குடித்து முடித்தார். "ஓம். அப்படியே செய்," என்றார்.

காது பார்க்கிற டொக்டர் ஒரு அறைக்குள் வைத்துச் சோதித்தார். நரம்பு செத்துவிட்டது, இது நேற்று வந்ததில்லை, கன வருசமாக இருக்கும் என்றார். எதனால் என்று அடைக்கலநாதன் கேட்டபோது, பக்கத்தில் ஷெல் ஏதும் விழுந்ததா, காதோடு மோட்டர் ஓடியதா, கடும் காய்ச்சல் வந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்றுமே நடந்திருந்தன. எது என்று இனிச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். காதுக்கு மெஷின் பூட்டினாலும் பெரிதாகப் பயன் இராதாம். வலது காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

காதிலே நோவில்லை, நாளாந்தம் நடக்கிற வேலை எதற்கும் குறைவில்லை. போனைக்கூட அவர் எப்போதும் வலது காதில்தான் வைப்பார். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவருக்கு எழும்ப மனம் வரவில்லை. சுவரோரம் அற்புதராணி படுக்கிற பக்கத்தைப் பார்த்தார். அது அவருக்கு இடப்பக்கம். சாப்பாட்டு மேசையில் அவளுடைய கதிரை. அதுவும் இடப்பக்கம். காரில் அவளுக்கு வேறு இடமே இல்லை. அவள் கதைத்துக்கொண்டிருந்திருப்பாள். எவ்வளவு காலம், எதையெல்லாம் என்று நினைத்துப் பார்த்தார்.

போனை எடுத்து நீர்கொழும்புக்கு அடித்தார்.

"என்ன இந்த நேரத்திலை? சுகமில்லையோ?" என்றாள் அற்புதராணி.

அவர் செற்றின் கதையிலிருந்து தொடங்கினார். ஸ்பீக்கரை மாற்றியது, சிவதர்ஷனோடு சண்டை பிடித்தது, சீற்றில் திரும்பி முழங்காலில் இருந்தது. அந்த இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். பிறகு காதென்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"டொக்டரிட்டைக் காட்டினியளோ?"

"காட்டினனான். ஒண்டும் செய்யேலாதாம். கன வருசமாம்."

"எந்தக் காது?"

"இடது."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார்.

"ராணி?"

"இருக்கிறன். கார் வாங்கின புதிசிலை மடு மாதா கோயிலுக்குப் போனமே, அங்கை அறை எடுத்து, சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பினம். வாற வழியிலை நான் உங்களிட்டை ஒண்டு கேட்டனான். ஞாபகம் இருக்கோ?"

"என்ன கேட்டனீ?"

"எஞ்சின் சத்தமே இல்லை. இனியாவது நான் சொல்லுறது இந்த மனுசனுக்குக் கேக்கும் எண்டு நினைச்சன். ஜெனிற்றா வரச்சொல்லிக் கேக்கிறாள், போனா அங்கையே நிண்டிடுவன் போலை கிடக்கு, நான் போகட்டோ இருக்கட்டோ எண்டு கேட்டனான்."

"நான் என்ன சொன்னனான்?"

"நீங்கள் கையை நீட்டி ரேடியோவைக் கூட்டி விட்டியள்."

அடைக்கலநாதனுக்கு அந்த வீதி ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் காடு, தூரத்தில் வெயில் தண்ணிபோல் மினுங்கியது. அவள் சொன்னது எதுவும் ஞாபகத்தில் இல்லை. இருக்க வழியுமில்லை.

"கேக்கேல்லை ராணி. மாதாவாணை, எனக்குக் கேக்கேல்லை."

"விளங்குது. இப்ப விளங்குது." அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்கு அதிகம் பயமாக இருந்தது. "ஆனா மற்றக் காது இருந்ததுதானே. ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம். நான் அழுதுகொண்டு இருந்தனான்."

உள்ளே பேத்தி கூப்பிடுகிறாள் என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அந்தக் கிழமை முழுவதும் நண்டு வாங்கப் போகிற இடங்களில் அவர் ஆட்களை முகத்துக்கு நேரே பார்த்துக் கதைத்தார். நாவாந்துறையில் நண்டு கொண்டுவருகிற குணலட்சுமி, "என்ன சம்மாட்டியார், என்னைப் புதிசாப் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு நீர்கொழும்புக்கு வெளிக்கிட்டார். கொடிகாமம் தாண்டியதும் சார்ஜ் முடிந்து எஞ்சின் விழித்தது. அந்த இரைச்சல் அவருக்கு ஆறுதலாக இருந்தது. போகிற வழி முழுவதும் என்ன சொல்வது என்று யோசித்தார். வவுனியாவில் தேத்தண்ணி குடித்தபோது ஒரு வசனம் அமைந்தது. சிலாபம் தாண்டும்போது அது சரியில்லை என்று பட்டது.

அற்புதராணி கதவைத் திறந்து, "சொல்லாமல் வாறதே?" என்றாள். சாப்பாடு போட்டாள். பேத்தி கதவுக்குப் பின்னால் நின்று அவரை எட்டிப் பார்த்தது. அவர் யாரென்று அதற்குச் சொல்லவேண்டியிருந்தது. பின்னேரம் ஜெனிற்றாவும் மருமகனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். தங்களைத் தனியே விடவேண்டும் என்றுதான் போனார்கள் என்று இருவருக்கும் தெரிந்தது. அற்புதராணி கதிரையை இழுத்து அவருடைய வலப்பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"வீட்டை வா ராணி," என்றார். யோசித்து வைத்ததெல்லாம் போய் அதுதான் வந்தது.

அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு தெரிஞ்சதே எனக்குப் பெரிய விசயம். கன நாள் நெஞ்சுக்கை கிடந்தது, இப்ப அது இல்லை. ஆனா அங்கை வந்து என்ன செய்ய? விடியப் பூசைக்குப் போவன். பேந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவன். வழியிலை ஒரு காகத்தைக் காட்டி ஏதாவது சொன்னாலும் அது நிண்டு என்ரை முகத்தைப் பாக்கும். எனக்கு அது பழகிப்போச்சுது."

"நானும் பாப்பன்."

"பாப்பியள். இப்ப பாப்பியள்." அவள் அவருடைய கையில் தன் கையை வைத்தாள். கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. "கோவமில்லை எனக்கு. அதை நம்புங்கோ. ஆனா கோவம் போனவுடனை பழைய இடத்துக்கு வந்திடலாம் எண்டு இல்லை."

இரண்டு நாள் நின்றார். வெளிக்கிடும்போது அவள் மீன்பொரியலும் சோறும் கட்டிக் கொடுத்து, காருக்குள் ஏறி முன் சீற்றில் இருந்து புது செற்றைப் போடச் சொன்னாள். அவர் போட்டார். "எனக்கு ஒண்டும் பெரிசாத் தெரியேல்லை. உங்கடை பக்கம்தான் கேக்குது," என்றாள். சத்தமெல்லாம் வலப்பக்கம் மாற்றிய கதையை அவர் சொன்னார். "அதுவும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அவள் அடிக்கடி போன் எடுத்தாள். முன்பு கிழமைக்கொரு முறை, சுகமோ என்று கேட்டு வைக்கிற போன்தான். இப்போது சின்னச் சின்ன விசயமெல்லாம் சொன்னாள். ஜெனிற்றா புருசனோடு முகத்தை நீட்டியது, பேத்தி சிங்களத்தில் பேசக் கற்றுக்கொண்டது, பக்கத்து வீட்டு மாமரத்துக் கொப்பு மதிலுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் காரில் இருந்தால் போன் செற்றோடு சேர்ந்துகொள்ளும். அவளுடைய குரல் வலது கதவிலிருந்து முழுதாக வரும். எந்தச் சொல்லும் தப்பாது. மடுவால் வந்த அன்றைக்கு அவளைத் திரும்பிப் பார்க்காததை நினைத்துக்கொண்டே அவர் கேட்பார். இடைக்கிடை இடது சீற்றைப் பார்ப்பார். அதில் நண்டுக் கூடைக்குக் கட்டுகிற கயிறும் தண்ணீர்ப் போத்தலும் கிடக்கும்.

மாரி தொடங்கின ஒரு பின்னேரம் மண்டைதீவால் திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல் ஈயத் தகடுபோல் கிடந்தது. கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. அற்புதராணி பேத்திக்குத் தைத்த சட்டையைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள்.

"சரி, வைக்கட்டோ? சோறு அடுப்பிலை கிடக்கு."

"கொஞ்சம் பொறு," என்றார் அடைக்கலநாதன்.

"என்ன, சொல்லுங்கோ."

சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. "சும்மாதான். வைக்காமல் விட்டிட்டு நீ வேலையைப் பார்."

"காசெல்லோ போகும்?"

"போனாப் போகட்டும்."

அவள் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அகப்பை பானையில் படுவது கேட்டது. குழாயில் தண்ணீர் ஓடியது, நின்றது. பிள்ளை ஏதோ கேட்டது, அவள் ஏதோ சொன்னாள். நல்ல ஸ்பீக்கர். கதவு அதிரவில்லை. பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. அடைக்கலநாதன் வைப்பரைப் போடாமல், தண்ணீர் வழியும் கண்ணாடிக்குள்ளால் வீதியைப் பார்த்து மெல்ல ஓட்டினார். வைப்பர் போட்டால் அந்த அடுப்படிச் சத்தம் அமுங்கிவிடும்போல் இருந்தது. பண்ணைச் சந்தியில் பின்னால் வந்த வான்காரன் ஹோர்ன் அடித்தபோதுதான் வைப்பரைப் போட்டார்.